பெல்ட்டை எண்ணினால் ரேங்க் வராது

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில், "உலகத்துலயே பெரிய ரெஸ்லர் யாருங்ணா?" என்று ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள். தலை நரைத்தவர் தாரா சிங் என்பார். ட்ரம்ப் கார்டு சேர்த்து வளர்ந்த நாற்பது வயது அண்ணன் அண்டர்டேக்கர் என்பார். காலேஜ் தம்பி, "ரோமன் ரெயின்ஸ், 1316 நாள் சாம்பியன்" என்று போனை நீட்டுவான். வர்க்கி தீர்ந்துவிடும், சண்டை தீராது.

பாதிக் குழப்பத்துக்கு அந்தச் சீட்டுக் கட்டுதான் காரணம். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே ரேங்க். அதில் இருந்த உயரமும் எடையும் மேடையில் மைக் பிடித்தவர் சொன்னவை. ஆந்த்ரே த ஜெயன்ட் ஏழடி நாலங்குலம் என்பதே விளம்பரத்துக்குச் சொன்ன அளவுதான். ரேங்க் எப்படிப் போட்டார்கள் என்பதை எந்தச் சீட்டும் சொன்னதில்லை. ஆனாலும் ஒரு தலைமுறைக்கே 'ரேங்க் என்றால் ஒரு நம்பர்' என்ற பழக்கம் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

இந்தத் தொழிலில் யார் ஜெயிப்பது என்பதைப் புக்கர், அதாவது கம்பெனிக்காகக் கதை எழுதுபவர், முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார். அதனால் வெற்றிக் கணக்கும் பட்டக் கணக்கும் ஒருவருடைய திறமையை நேரடியாகக் காட்டாது. கம்பெனி அவரை எவ்வளவு நம்பியது என்பதைத்தான் காட்டும். அதுவும் ஒரு தகவல்தான், தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் எந்தக் காலத்துப் பெல்ட் என்று பார்க்காமல் எண்ணக் கூடாது.

ஜான் சீனா 2025 ஏப்ரலில் லாஸ் வேகஸில் கோடி ரோட்ஸைத் தோற்கடித்து 17-வது உலகப் பட்டம் வென்றார். ரிக் ஃப்ளேருக்கு டபிள்யூ.டபிள்யூ.இ (இந்தத் தொழிலின் பெரிய அமெரிக்கக் கம்பெனி) ஒப்புக்கொள்ளும் கணக்கு 16. புரூனோ சம்மார்ட்டினோவுக்கு இரண்டே இரண்டு. ஆனால் அந்த இரண்டையும் சேர்த்தால் 4040 நாள். முதல் தடவை மட்டும் 1963 மே முதல் 1971 ஜனவரி வரை, 2803 நாள். அப்போது மாதாமாதம் பே-பெர்-வியூ, அதாவது காசு கட்டி டிவியில் பார்க்கும் பெரிய நிகழ்ச்சி, கிடையாது, சாம்பியனை மாற்றி டிவியில் பரபரப்பு கிளப்ப வேண்டிய அவசியமும் கிடையாது. 1995-க்குப் பிறகு மாதம் ஒரு பெரிய நிகழ்ச்சி வந்தது. 2002 முதல் 2013 வரை ஒரே கம்பெனியில் இரண்டு உலகப் பட்டங்கள் ஓடின. வாய்ப்பு பெருகினால் எண்ணிக்கையும் பெருகும். மழையில் பறித்த கொழுந்தை அப்படியே தராசில் வைத்தால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் எடை காட்டும். ஃபேக்டரியில் ஈரத்துக்குக் கழிப்பது போல இங்கேயும் காலத்துக்குக் கழித்தாக வேண்டும்.

ஃப்ளேரின் 16-ம் உறுதியான நம்பர் இல்லை. 1984 மார்ச்சில் நியூசிலாந்தில் ஹார்லி ரேஸிடம் தோற்று, சில நாளில் சிங்கப்பூர் கல்லாங்கில் பட்டத்தைத் திரும்பப் பெற்றார். அந்த மாற்றத்தை அமெரிக்காவில் அப்போது கணக்கிலேயே எடுக்கவில்லை. இதையெல்லாம் சேர்ப்பவர்களுக்கு எண்ணிக்கை இருபதைத் தாண்டும். இதற்கு நேர் எதிர்க் கூத்து பெண்கள் சாம்பியன் ஃபேபுலஸ் மூலாவுடையது. 1956 முதல் 1984 வரை ஒரே ஆட்சி என்று டபிள்யூ.டபிள்யூ.இ சொல்லிக்கொள்கிறது, நடுவில் அவர் பலமுறை பட்டத்தை இழந்து மீட்டதைச் சௌகரியமாக மறந்துவிட்டு.

அடுத்து எல்லோரும் எடுத்து வீசுவது கூட்டக் கணக்கு. 1987-இல் பான்டியாக் சில்வர்டோமில் ஹோகன், ஆந்த்ரே மோதிய ரெஸில்மேனியா 3-க்கு (டபிள்யூ.டபிள்யூ.இ-யின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சி) 93,173 பேர் என்று அறிவித்தார்கள். உண்மையில் சுமார் 78,000 என்று ரெஸ்லிங் செய்தியாளர் டேவ் மெல்ட்சர் பல வருடமாக வாதாடுகிறார். 78,000 என்றே வைத்துக்கொண்டாலும் ஹோகனின் இழுப்பு குறையப் போவதில்லை. பிரச்சினை வேறு. 1995 ஏப்ரலில் வடகொரியா பியாங்யாங்கில் ஃப்ளேர், இனோக்கி மோதலுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம் என்று அறிவிப்பு. அரசு ஏற்பாட்டில் வந்து நிரம்பிய கூட்டம் அது. டிக்கெட் எடுத்து வந்த கூட்டமா, கொண்டுவந்து உட்கார வைத்த கூட்டமா என்று பார்க்காமல் தலையை எண்ணினால் அந்த நிகழ்ச்சிதான் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். கூட்டம் சேர்க்கும் சக்தியை அளக்க ஒரு பெரிய ராத்திரியைப் பார்க்கக் கூடாது. ஒரே ஊரில், ஒரே அரங்கில், வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப டிக்கெட் விற்றதா என்று பாருங்கள். மாடிசன் ஸ்குவேர் கார்டனில் சம்மார்ட்டினோ அதைச் செய்தார்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மெல்ட்சர் போடும் நட்சத்திர மதிப்பெண் ரிங் வேலையை அளக்க உதவும், ஒரு எச்சரிக்கையோடு. பல வருடம் ஐந்துதான் உச்சம் என்றே எல்லோரும் பழகியிருந்தோம். 2017 ஜனவரியில் டோக்கியோ டோமில் நடந்த ஒகாடா, ஒமேகா ஆட்டத்துக்கு ஆறு, 2018 ஜூனில் அதே இருவருக்கு ஏழு. அளவுகோலே நீண்டுவிட்டது. அதனால் 1989-இன் ஐந்தையும் 2018-இன் ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரே பத்தாண்டுக்குள் ஒப்பிட்டால் போதும்.

ரிங் வேலைக்கு மதிப்பெண் போட நான் சொல்லும் வழி: ஒருவருக்குக் குறைந்தது ஐந்து ஆட்டம். அதில் மூன்று பேர்போனவை, இரண்டு சாதாரண வார நிகழ்ச்சியில் வந்தவை. பெரிய மேடையில் எல்லோரும் நன்றாகத்தான் செய்வார்கள். சாதாரண ராத்திரியில்தான் ஆள் தெரியும். ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் மழை பிடித்தால் வெளியே தலை காட்ட முடியாது, இந்த வேலைக்கு அதுதான் தோதான மாதம். ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒருமுறை சத்தத்தை மூடிவிட்டுப் பாருங்கள். கமென்டேட்டர் கத்துவதால் பெரிதாகத் தெரிந்தவை அப்போது சுருங்கிவிடும். கவனிக்க வேண்டியது இவைதான்: பத்தாவது நிமிடம் அடிபட்ட முழங்கால் இருபதாவது நிமிடத்திலும் வலிக்கிறதா? எதிரே நிற்பவர் வந்ததைவிடப் பெரிய ஆளாகத் திரும்பிப் போகிறாரா? யாருக்காவது நிஜமாகவே காயமா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1997 சம்மர்ஸ்லாமில் ஓவன் ஹார்ட் போட்ட பைல்டிரைவரில் (எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து இறக்கும் அடி) ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து போனது. 1999 டிசம்பரில் கோல்ட்பர்க் விட்ட உதை பிரெட் ஹார்ட்டின் தொழில் வாழ்க்கையையே முடித்தது. எதிராளியைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவதும் இந்தத் தொழிலில் திறமைதான்.

மாதிரிக்கு ஒன்று. 1997 மார்ச் 23, ரெஸில்மேனியா 13, பிரெட் ஹார்ட்டும் ஆஸ்டினும். சப்மிஷன் மேட்ச் (எதிராளியைத் தோல்வி ஒப்புக்கொள்ள வைத்தால்தான் வெற்றி), பட்டம் எதுவும் பணயத்தில் இல்லை, நடுவர் கென் ஷாம்ராக். பிரெட் காலைத்தான் குறி வைக்கிறார். ரிங் கம்பத்தைச் சுற்றி ஃபிகர் ஃபோர் என்ற கால் பிடியைப் போடுகிறார், நாற்காலியை எடுக்கிறார். ஆஸ்டின் அதற்குப் பின் ஒவ்வொரு அடியையும் நொண்டிக்கொண்டேதான் வைக்கிறார். கடைசியில் ஷார்ப்ஷூட்டர், அவருடைய இன்னொரு கால் பிடி. முகமெல்லாம் ரத்தம். ஒருமுறை கையை ஊன்றி எழும்பி, பிடியைக் கிட்டத்தட்டப் பிரித்துவிடுகிறார், முடியவில்லை. ஆனால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மயங்கித்தான் போகிறார். ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்துகிறார். பிரெட் மறுபடி போய் அடிக்கிறார், கூட்டம் அவர் மேல் திரும்புகிறது. நல்லவனாக வந்தவர் ஹீலாகவும் (வில்லனாகவும்), ஹீலாக வந்தவர் ஹீரோவாகவும் திரும்பிப் போனார்கள், இருபத்தி சொச்ச நிமிடத்தில். பட்டக் கணக்கு மட்டும் போடுபவர் நோட்டில் இந்த ராத்திரிக்கு இருவருக்குமே பூஜ்யம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஐந்து தலைப்பு, மொத்தம் 100: ரிங் வேலை 35, கூட்டம் சேர்ப்பது 25, மைக் பேச்சும் ஏற்ற பாத்திரமும் 15, பின்னால் வந்தவர்கள் மேல் தாக்கம் 15, உச்சத்தில் நீடித்த காலம் 10. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டு அதன் பங்கால் பெருக்கி, பத்தால் வகுக்க வேண்டும். ஆஸ்டினுக்கு நான் போடுவது 8, 10, 10, 9, 5. அதாவது 28, 25, 15, 13.5, 5, கூட்டினால் 86.5. உச்சத்தில் இருந்த காலம் குறைவு என்பதால் அவருக்கு ஐந்து மதிப்பெண்தான் போகிறது. அது போதும். தொடர்ந்து 83 வாரம் டபிள்யூ.டபிள்யூ.இ-யின் ரா டிவி நிகழ்ச்சியை ரேட்டிங்கில் மிதித்துக்கொண்டிருந்த போட்டிக் கம்பெனியின் நைட்ரோவை 1998 ஏப்ரலில் ரா முந்தியபோது, முன்னால் நின்ற முகம் அவருடையது.

மதிப்பெண்ணைவிட முக்கியமான வேலை அடுத்தது: பங்கை மாற்றிப் பார்ப்பது. பிரெட் ஹார்ட்டுக்கு 10, 6, 6, 8, 7. சீனாவுக்கு 8, 8, 10, 7, 10. மேலே சொன்ன பங்கில் சீனா 83.5, பிரெட் 78. ரிங் வேலையை 50 ஆக்கி கூட்டத்தை 10-க்கு இறக்குங்கள். பிரெட் 84 ஆகிறார், சீனா 83.5-லேயே நிற்கிறார். ஆக, இவர்கள் இருவரைப் பற்றிய சண்டை உண்மையில் ரெஸ்லர்களைப் பற்றியதே இல்லை. எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பற்றியது. அதை முதலிலேயே பேசி முடித்துவிட்டால் பாதித் தொண்டை மிச்சம். ஃப்ளேர் மட்டும் எந்தப் பங்கிலும் அசையவில்லை: முதலாவதில் 95, இரண்டாவதில் 98. ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர் ஹீரோவோடு ஒரு மணி நேரம் ஆடி, அவரைச் சாம்பியனுக்குச் சமமாகக் காட்டிவிட்டு, பெல்ட்டோடு அடுத்த ஊருக்குப் போவதுதான் என்.டபிள்யூ.ஏ (பல ஊர்க் கம்பெனிகளின் கூட்டமைப்பு) சாம்பியனின் வேலை. அந்த வேலையை அவரைவிட நன்றாகச் செய்தவர் இல்லை. 1989-இல் ஸ்டீம்போட்டோடு ஆடிய மூன்று ஆட்டம் தெரியாதவர்களோடு நான் இதைப் பற்றி வாதாடுவதில்லை.

ஜப்பான் பெயர் சொன்னால் டீக்கடையில் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, மிசாவாவுக்கு 89.5. 1994 ஜூன் 3 புடோகானில் கவாடாவோடு ஆடியதைப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கட்டும்.

தாரா சிங் விஷயத்தில்தான் கணக்கு காலை வாரும். 1959-இல் கல்கத்தாவில் கார்டியன்கோவை வென்று காமன்வெல்த் சாம்பியன், 2018-இல் டபிள்யூ.டபிள்யூ.இ ஹால் ஆஃப் ஃபேமின் லெகஸி பிரிவு. ஆனால் ரிங் வேலையை ஐந்து ஆட்டம் பார்த்து மதிப்பிட முழுப் படச்சுருள் கிடையாது. அதற்குப் பூஜ்யம் போட்டால் அநியாயம். காலியாக விட்டு மீதி 65-க்குக் கணக்கு போட்டால், 9, 8, 9, 10 என்று 58 வருகிறது, நூற்றுக்கு 89. மிசாவா பக்கத்தில் போய் நின்றுவிடுகிறார். காலிக் கட்டம் லாபமாக மாறிவிடுகிறது, அதுவும் தப்பு. ஆகவே படம் மிஞ்சாத காலத்தவர்களுக்குத் தனிப் பட்டியல். 1910-இல் லண்டனில் ஸ்பிஷ்கோவோடு மோதிய காமாவும் அதில்தான். "தள்ளி வெச்சுட்டீங்களே தம்பி" என்று பெரியவர்கள் கோபிப்பார்கள். தள்ளி வைக்கவில்லை, அய்யா, கலக்கவில்லை.

கிறிஸ் பென்வா பற்றிய முடிவையும் ஆரம்பத்திலேயே எடுத்துவிடுங்கள். 2007 ஜூனில் மனைவியையும் மகனையும் கொன்றவர். என் பட்டியலில் இல்லை. ஒரு குழு வேறு முடிவு எடுக்கலாம், ஆனால் பாதியில் எடுத்தால் எல்லோர் கணக்கும் கெடும்.

குழுவாகப் போடுவதென்றால் ஐந்து பேர் போதும். பேச்சு ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரும் இருபது பெயரைத் தாளில் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும்; முதலில் சத்தமாகப் பேசுபவர் பட்டியலே எல்லோர் பட்டியலும் ஆகிவிடாமல் இருக்க. முதலிடத்துக்கு 20, கடைசிக்கு 1. சராசரி இடத்தைக் கணக்கிடாதீர்கள், ஒரே ஒருவர் முதலிடம் கொடுத்த ஆள் மேலே ஏறிவிடுவார். கூட்டுத் தொகைதான் வேண்டும், அதுவும் இரண்டு தாளிலாவது பெயர் இருந்தால். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. மூன்று பேர் முதலிடம் கொடுத்து இருவர் எழுதாமல் விட்டவருக்கு 60. ஐந்து பேருமே எட்டாமிடம் கொடுத்தவருக்கு 65. யாருக்கும் பிடித்தமானவர் இல்லாத ஆள் ஜெயிக்கிறார். வேண்டுமென்றே போட்டியாளர் பெயரை விட்டுவிடும் புத்திசாலிகள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்கு மருந்து, முதல் பத்து பேரை மட்டும் எடுத்து இரண்டிரண்டு பேராக நிறுத்திக் கை தூக்கச் சொல்வது. மொத்தம் 45 ஜோடி, ஒரு சாயங்காலத்தில் முடியும். இன்னும் முழுநேரம் ஆடிக்கொண்டிருப்பவர்களைச் சேர்க்காதீர்கள். நேற்று பார்த்த ஆட்டம் எப்போதும் இரண்டு மதிப்பெண் கூடுதலாக வாங்கும்.

என் எட்டு: ஃப்ளேர், மிசாவா, ஆஸ்டின், சீனா, சம்மார்ட்டினோ 80.5, ஹோகன் 80, பிரெட், அண்டர்டேக்கர் 76. ஹோகனுக்கு ரிங்கில் 5 போட்டது கொஞ்சம் கஞ்சத்தனம்தான், ஜப்பானில் ஆடும்போது அவர் வேறு ஆள். அண்டர்டேக்கருக்கு எட்டாமிடமா என்று அடிக்க வருபவர்களுக்கு: 2007 முதல் 2013 வரை அவர் ரெஸில்மேனியாவில் ஆடியவை பொன், அதிலும் மைக்கேல்ஸோடு ஆடிய இரண்டும். ஆனால் ரெஸில்மேனியாவில் தோற்காமல் அவர் சேர்த்த 21-0 என்பது புக்கர் எழுதிய நம்பர். 1993-இல் ஜெயன்ட் கோன்சாலஸ் மயக்க மருந்துத் துணியை முகத்தில் வைத்ததால் தகுதி நீக்கத்தில் வந்த வெற்றியும் அந்த 21-இல் ஒன்று. அந்த ஆட்டத்தை முழுசாக, சத்தத்தை மூடிவிட்டு, ஓட்டாமல் பார்த்து முடித்தவர்கள் மட்டும் சண்டைக்கு வரலாம்.