நேரில் சென்று அழைப்பது

எங்கள் கொங்கு நாட்டில் கல்யாணப் பத்திரிகையை அஞ்சலில் அனுப்பிவிட்டு, அழைத்துவிட்டோம் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. வீட்டுக்கே போய், கூடத்தில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்து, பெரியவர்கள் கையில் பத்திரிகையை வைத்து, "குடும்பத்தோட வந்துருங்க" என்று சொன்னால்தான் அது அழைப்பு. 2024 அக்டோபர், நவம்பர் மாதங்களில் சான் பிரான்சிஸ்கோவின் சன்செட் பகுதியில் என் தம்பி மகள் வீட்டில் தங்கி, அந்த ஊர்த் தேர்தலை அருகிலிருந்து பார்த்தபோது, இந்த வழக்கம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

அந்தப் பகுதியில் சீனக் குடும்பங்கள் மிகுதி. அதிபர் தேர்தலோடு மேயர், கல்வி வாரிய உறுப்பினர் பதவிகளுக்கும் சேர்த்து வாக்களிக்க வேண்டும். அவற்றுடன், மக்களே நேரடியாக முடிவு சொல்லும் சட்ட முன்மொழிவுகளில் மாநிலத்தின் 10 முன்மொழிவுகளுக்கும் நகரத்தின் 15 முன்மொழிவுகளுக்கும் தனித்தனியே ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். 1996இல் எங்கள் ஈரோட்டுப் பக்கத்து மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டதால் வாக்குச்சீட்டே புத்தகமாக அச்சான கதையை நான் சொன்னபோது, தம்பி மகள் தன் வீட்டுக்கு வந்திருந்த வாக்காளர் கையேட்டை எடுத்துக் காட்டினாள். மொடக்குறிச்சியில் புத்தகம் எத்தனை பெரிதாக இருந்தாலும் குத்த வேண்டிய முத்திரை ஒன்றுதான். இங்கோ பக்கத்துக்குப் பக்கம் முடிவெடுக்க வேண்டும். மேயர் பதவிக்கு ஒருவரை மட்டுமல்லாமல் பத்துப் பேர் வரை விருப்ப வரிசைப்படி குறிக்கலாம். நகரத் தேர்தல்களில் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இருப்பதில்லை என்பதால், வேட்பாளரை அறியாதவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சின்னம்கூடக் கிடையாது.

மொழி உதவிக்குச் சட்டம் உண்டு. அமெரிக்க வாக்குரிமைச் சட்டத்தில் 1975இல் செய்த திருத்தமும் பின்னர் வந்த திருத்தங்களும், ஆங்கிலம் போதாத குடிமக்கள் ஒரே மொழிச் சிறுபான்மையில் 10,000 பேருக்கு மேலோ, வாக்களிக்கும் வயதினரில் 5 விழுக்காட்டுக்கு மேலோ இருந்து, அவர்களிடையே எழுத்தறிவின்மை நாட்டின் சராசரியைவிடக் கூடுதலாகவும் இருந்தால், தேர்தல் தாள்களை அந்த மொழியிலும் தர வேண்டும் என்கின்றன. 1882 முதல் 1943 வரை, குடியேறி வந்த சீனர்கள் அந்நாட்டுக் குடிமக்களாக ஆகவே முடியாது என்று சட்டம் தடுத்திருந்ததையும், இந்தியர்களுக்கு அந்த வழி 1946இல்தான் திறந்ததையும் நினைத்தால், சீன எழுத்தில் அச்சான வாக்குச்சீட்டு சிறிய பேறு அல்ல என்பது புரியும்.

ஆனாலும் தாளை மொழிபெயர்த்து அனுப்புவது அஞ்சலில் பத்திரிகை அனுப்புவதைப் போன்றதுதான். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி குடியுரிமை பெற்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதிபர் பதவிக்கு மட்டும் குறித்துவிட்டு மற்றப் பக்கங்களை வெறுமையாக விட்டுவிடுவாராம். அவர் வீட்டுக் கதவை எந்த வேட்பாளரின் ஆளும் தட்டியதில்லை. பிரசாரம் செய்பவர்கள் முந்தைய தேர்தல்களில் யார் வாக்களித்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்து, வழக்கமாக வருபவர்களிடம் மட்டுமே நேரத்தைச் செலவிடுகிறார்கள். கேட்காததால் வருவதில்லை, வராததால் கேட்பதில்லை என்று அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கேட்கப் போகிறவர்களும் "ஆசியர்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அந்தப் பாட்டி பேசுவது தென் சீனாவின் தைஷான் வட்டார மொழி. சீனாவின் பொதுமொழியான மாண்டரின் பேசும் இளைஞரின் தொலைபேசி அழைப்பு அவருக்குப் பாதிதான் புரியும். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இந்திய வம்சாவளியினருக்கென்று சட்டம் கேட்ட மொழி உதவிக்கு நகரம் வங்காளத்தைத் தேர்ந்தெடுத்தது. அங்குள்ள தமிழருக்கு அந்தத் தாளால் என்ன பயன்? திருப்பூரில் ஒடியாவும் வங்காளமும் போஜ்புரியும் பேசும் தொழிலாளர்கள் எல்லோரையும் "இந்திக்காரங்க" என்று சொல்லிக் கடந்துபோகும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே எனக்கு உறுத்தியது.

சீன வாக்காளர்களுக்கு உள்ளூர் அரசியலில் அக்கறை இல்லை என்று சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2021இல் சான் பிரான்சிஸ்கோவின் லோவெல் உயர்நிலைப் பள்ளியின் மதிப்பெண் வழிச் சேர்க்கையைக் கல்வி வாரியம் மாற்றியபோது, சீனப் பெற்றோர்கள் தெருவில் மேசை போட்டு வாக்காளர்களைச் சேர்த்தார்கள். 2022 பிப்ரவரியில் வாரிய உறுப்பினர்கள் மூவரைப் பதவியிலிருந்து நீக்கிய வாக்கெடுப்பில் அவர்களுடைய பங்கு பெரிது. அந்த மாற்றம் சரியா தவறா என்பது வேறு வழக்கு. கோபம் வரும்போது மட்டுமே ஒரு சமூகத்தின் குரல் கேட்கும்படி விடுவது ஊருக்கு நல்லதல்ல.

தம்பி மகள் தைஷான் மொழி தெரிந்த தோழி ஒருத்தியை அழைத்துக்கொண்டு, ஆரஞ்சுப் பழங்களுடன் பாட்டி வீட்டுக்குப் போனாள்; நானும் போனேன். அஞ்சலில் வீட்டுக்கே வந்திருந்த வாக்குச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, யாருக்குப் போடுங்கள் என்று சொல்லாமல், ஒவ்வொரு பதவியும் என்ன வேலைக்கு என்று மட்டும் விளக்கினார்கள். இரண்டு மணி நேரம் ஆனது. அதைத் திருப்பி அனுப்பும் உறையில் கையெழுத்திடும் முன், மேயர் வேட்பாளர் ஒருவரின் பெயர்மேல் விரலை வைத்துப் பாட்டி ஏதோ கேட்டார்.

"இவர் நம் தெருவுக்கு எப்போது வருவார் என்று கேட்கிறார்கள், அத்தை" என்றாள் தம்பி மகள்.