அட்டவணையிலேயே இருந்த சொல்

கிண்டியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருந்தபோது, வாகனக் காப்பீட்டு விதிகளை எழுதுவதற்கென்றே ஒரு மொழி உருவாக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. அதுவரை பிரீமியக் கணக்கு முழுக்க ஜாவா கோடுக்குள் கிடந்தது. ஒரு சதவீதம் மாற வேண்டும் என்றாலும் அண்டர்ரைட்டர் (காப்பீட்டின் இடரை எடைபோட்டு விதிகளை முடிவு செய்பவர்) மெயில் போட்டு அடுத்த ரிலீஸ் வரை காத்திருக்க வேண்டும். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்க எஸ்க்யூஎல் என்ற மொழி இருப்பதுபோல் பிரீமியத்துக்கு ஒரு சிறு மொழி இருந்தால், விதியை அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

முதல் இரண்டு மாதம் தப்பாகவே போனது. இலக்கணத்தை முழுதாக முடித்துவிட்டுக் காட்டலாம் என்று ஆன்ட்லர் என்ற கருவியில் பார்ஸர் (எழுதியதை இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் நிரல்) எழுதிக்கொண்டிருந்தோம். இரண்டு வாரத்துக்கு ஒரு டெமோ நடந்தது, ஆனால் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான். தொழில் தெரிந்தவரும் நிரல் எழுதுபவரும் தினமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது, மென்பொருளைச் சிறுசிறு கட்டங்களாகச் செய்து காட்டும் அஜைல் முறையின் 12 கொள்கைகளில் ஒன்று. மொழி செய்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த மொழியைப் பேசப் போகிறவர்கள் நாம் இல்லை.

அப்புறம்தான் மெட்ரோ பிடித்து ஆயிரம் விளக்கில் இறங்கி, வாடிக்கையாளர் அலுவலகத்தில் மூத்த அண்டர்ரைட்டர் மேடத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன். விதிகளை நோட்டில் வழக்கமாக எழுதுவதுபோலவே எழுதச் சொன்னேன். அந்த வாக்கியங்களே எங்கள் டெஸ்ட் ஆயின. இரண்டு வாரத்துக்கு ஐந்தாறு வாக்கியம், அவற்றைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் இலக்கணம். நோ கிளெய்ம் போனஸ் விதிகள் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி, 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும்) முதல் வாரத்திலேயே ஓடின. சீக்கிரமே அவரும் அவருடைய சகாக்கள் இருவரும் எங்கள் மொழியில் நேரடியாக எழுதத் தொடங்கினார்கள்.

வண்டியின் மதிப்பில் வயதுக்கேற்பக் கழிக்கும் தேய்மான விதியில் சிக்கினோம். வண்டியின் வயது 6 மாதத்திலிருந்து 1 ஆண்டு என்றால் 15 சதவீதம், 1-லிருந்து 2 என்றால் 20. எங்கள் மொழியில் அதற்கு 'பிட்வீன்' என்று ஒரு சொல் வைத்திருந்தோம். மேடம் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, சரியா ஒரு வருஷம் முடிஞ்ச வண்டி எந்த வரியில விழும்?”

இரண்டிலும் விழுந்தது. எஸ்க்யூஎல்லில் பிட்வீன் இரண்டு எல்லைகளையும் சேர்த்துக்கொள்ளும். நாங்கள் யோசிக்காமல் அதையே எடுத்திருந்தோம். அவர் டாரிஃப் (காப்பீட்டு விகித) அட்டவணையைத் திருப்பிக் காட்டினார். 'எக்ஸீடிங்' (மிஞ்சியது), 'நாட் எக்ஸீடிங்' (மிகாதது) என்று வரிக்கு வரி இருந்தது. ஒரு வருடத்துக்கு மிகாதது 15, மிஞ்சினால் 20. எங்களுக்கு வேண்டிய சொற்கள் அவர் மேஜையிலேயே இருந்திருக்கின்றன.

சொல்லை மாற்றுவது எளிது. ஆனால் அதற்குள் மூன்று பேர் பிட்வீன் போட்டு நிறைய எழுதிவிட்டிருந்தார்கள். 1976-ல் பெல் லேப்ஸில், நிரல்களைத் தொகுத்துக் கட்டும் 'மேக்' கருவியை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், கட்டளை வரியை டேப் (விசைப்பலகையின் இடைவெளி விசை தரும் எழுத்து அல்ல, டேப் விசை தரும் எழுத்து) போட்டுத் தொடங்க வேண்டும் என்ற விதியைத் திருத்தாமல் விட்டார். அப்போதே ஏறக்குறைய ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்களாம், அவர்களைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. அந்த டேப் இன்றும் நிற்கிறது. அந்தக் கதையை நினைத்தபடிதான் மாற்றியே தீர வேண்டும் என்று குழுவில் வாதாடினேன்.

பழைய கோப்புகளைத் தானாக மாற்றும் ஒரு கருவி எழுதினோம். அது மட்டும் போதவில்லை. இன்ஜின் சிசி (இன்ஜின் கொள்ளளவு) விதிகளில் கீழ் எல்லை சேராது. பாலிசி தேதி விதிகளில் முதல் நாளும் கடைசி நாளும் சேரும். எழுதியவர் மனதில் எது இருந்தது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு விதியாக மூன்று பேரிடமும் கேட்டோம். அந்த ஸ்பிரின்டில் (இரண்டு வார வேலைச் சுற்றில்) புதிதாக ஒரு வசதியும் போகவில்லை, குழுவின் வேகத்தைக் காட்டும் வரைபடத்தில் கோடு கீழே இறங்கியது. நாங்கள் செய்த மிகச் சிறந்த ஸ்பிரின்ட் அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

கடைசி இரண்டு நாளில் ஒரு பிழைச்செய்தியையும் சேர்த்தோம். எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் பார்ஸர் முன்பு எதுவும் சொல்லாது. இப்போது அந்த இரண்டு வரிகளையும் காட்டி, “சரியாக 1 ஆண்டு முடிந்த வண்டி எந்த வரியில் விழும்?” என்று கேட்கிறது.