குப்புறப் படுத்திருக்கும் நாட்கள்

ஜூலை 9, செவ்வாய்

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா குப்புறப் படுத்து இன்று மூன்றாவது நாள். இன்னும் ஏழு நாள்.

ஜூலை 10, புதன்

எந்தத் தலையணையும் சரிப்படவில்லை. சாயங்காலம் அத்தை வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் அப்பாவின் பழைய வேட்டி இரண்டை முறுக்கிப் பெரிய சும்மாடு ஒன்று செய்தார். நெற்றி ஒரு பக்கம், தாடை மறுபக்கம், நடுவில் மூச்சுவிட இடம். "கூடை தூக்கின தலைக்குத் தெரியாதாக்கும்" என்றார். நான்கு நாளில் முதல் தடவையாக அப்பா குறட்டை விட்டுத் தூங்கினார்.

சாப்பிடப் பத்து நிமிடம், பாத்ரூமுக்குப் பத்து நிமிடம். அப்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும். கண்ணுக்குள் அடைத்திருக்கும் வாயு மேலேதான் ஏறும். விழித்திரை பின்சுவரில் இருக்கிறது. முகம் தரையைப் பார்த்தால்தான் வாயு போய் அதை அழுத்திப் பிடிக்கும். டாக்டர் பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைச் சாய்த்துக் காட்டி விளக்கினார். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "படம் பார்க்கலாமா சார்?"

கேட்கலாம் என்றார் டாக்டர்.

ஜூலை 11, வியாழன்

ஆக, கேட்கிறோம். கட்டிலுக்குக் கீழே போனை வைத்துவிட்டேன். முதலில் சிவாஜியின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. வேறு எதை வைத்திருந்தாலும் திட்டியிருப்பார்.

வெள்ளைக்காரக் கலெக்டர் ஜாக்சனைச் சந்திக்கும் காட்சி வந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "இப்பப் புருவத்தப் பாரு" என்றார். எட்டிப் பார்த்தேன். புருவம் ஏறியது. "இப்பத் திரும்புவாரு." திரும்பினார். படம் முழுக்க இப்படித்தான். ஒரு கண் மில்லில் போனது, இன்னொன்று கட்டுக்குள். அவருக்குத் தெரிவது சிவப்பு சிமெண்டுத் தரை மட்டும். ஆனால் எனக்கு முன்னால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் காலேஜ் படிக்கும் காலத்திலிருந்தே சொல்லி வருகிறேன்: சிவாஜி அதிகமாக நடிக்கிறார். ஒரு கண்ணீருக்கு நான்கு கண்ணீர், ஒரு நடைக்கு ஒன்பது நடை. இதைச் சொன்னதற்காக அப்பா ஒருமுறை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. இன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. முதுகைப் பார்த்துக்கொண்டு சண்டை போட முடியவில்லை.

ஜூலை 12, வெள்ளி

சித்தப்பா செல்லூரிலிருந்து பருத்திப்பால் வாங்கி வந்தார். அப்பாவுக்குச் சர்க்கரை. அதனால் நானும் சித்தப்பாவும் குடித்தோம்.

வந்து உட்கார்ந்து அரை மணி ஆகவில்லை, ஆரம்பித்துவிட்டார்கள். சித்தப்பா எம்.ஜி.ஆர். மன்றம், அப்பா சிவாஜி மன்றம். எங்கள் பாட்டி இருந்தவரை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சோறு போட்டதில்லையாம்.

"உங்காளு அழுதா வைகைக்கு அந்தாண்ட கேக்கும்ணே. எங்காளு நடிக்கவே வேணாம், வந்து நின்னாப் போதும்."

"நின்னாப் போதும்னா செலையே வச்சிரலாமேடா, எதுக்கு மனுசன்?"

"செலையா? உங்காளு செலையத்தான் பீச்சுல இருந்து எடுத்துட்டாங்களே."

அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தச் சிலை 2006இல் கடற்கரைச் சாலையில் வைத்தது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்கு நடந்து, 2017இல் அடையாறு மணிமண்டபத்துக்குக் கொண்டு போனார்கள். அந்த ஆகஸ்ட் மாதம் அப்பா பேப்பரை மடித்து அலமாரிக்குள் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. சித்தப்பாவுக்கும் தெரியும். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. கிளம்பும்போது அண்ணன் காலைப் பிடித்துவிட்டுப் போனார். நாள் முழுக்கப் படுத்ததில் கால் வீங்கியிருக்கிறது.

ஜூலை 13, சனி

சர்க்கரை 210. கரண்ட் இல்லை. விசிறி விசிறிக் கை ஓய்ந்தது.

ஜூலை 14, ஞாயிறு

'நவராத்திரி' வைத்தேன். சிவாஜியின் நூறாவது படம், 1964. ஒன்பது வேடம். சின்ன வயதில் இதை ஒரு வித்தையாகத்தான் பார்த்தேன். மீசையை மாற்றினால், விக்கை மாற்றினால் வேறு ஆளா என்று கேட்டவள் நான்.

இன்று அப்பாவோடு நானும் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மீசை இல்லை, விக் இல்லை, புருவமும் இல்லை. குரல் மட்டும்.

ஒன்பதும் ஒன்பது ஆள்!

அதுவும் அந்தத் தொழுநோயாளி. நோயில் உதடும் மூக்கும் எப்படி இருக்குமோ அப்படியே சொல் தேய்ந்து வருகிறது. தன்னை யாரும் தொட வேண்டாம் என்ற கூச்சம் தொண்டையிலேயே இருக்கிறது. அதே ஆள் சற்று நேரத்தில் டாக்டர். மூச்சு நிதானமாகிவிட்டது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விடுகிறார், பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்க்கிற மாதிரி. அப்புறம் அந்தக் கிராமத்தான். வாய் நிறையச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறவனின் குரல். கூத்துக்காரனாக வரும்போது நெஞ்சிலிருந்து வராமல் அடிவயிற்றிலிருந்து வருகிறது. முகத்தை ஒப்பனைக்காரர் மாற்றலாம். மூச்சை யார் மாற்றிக் கொடுக்க முடியும்?

சின்னப் பையனாக அவர் சேர்ந்தது நாடகக் கம்பெனியில். பெயரே மதுரை ஸ்ரீ பால கான சபா. பெண் வேடம் கட்டி ஆரம்பித்தவர். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும். நான் அதிகம் என்று சொன்னதெல்லாம் அந்தக் கிழவிக்காக அளந்து வைத்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்லியிருக்கிறேன்.

இதை அப்பாவிடம் சொன்னேன். பெரிதாகச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "இதச் சொல்ல ஒனக்கு இருவத்தஞ்சு வருசமாச்சா?" என்றார். சரி.

ஜூலை 15, திங்கள்

ராத்திரி அப்பா அழுதார். சும்மாடு நனைந்திருந்தது. விடிந்ததும் வேறு வேட்டி முறுக்கி வைத்தேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. செக்கப். ஐந்து மணி நேரம் காத்திருப்பு. பெஞ்சிலும் அப்பா தலையைக் குனிந்தே இருந்தார். சின்னக் குழந்தை ஒன்று, தாத்தா எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்துப் பெஞ்சுக்கு அடியில் தேடியது.

விழித்திரை ஒட்டியிருக்கிறதாம். பார்வை எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாதாம். இனிப் பகலில் உட்காரலாம், ராத்திரி இன்னும் ஒரு வாரம் குப்புறத்தான். மலைக்கு மட்டும் போகக் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணில் அழுத்தம் ஏறிவிடும். ஆவணியில் கொடைக்கானலில் சித்தப்பா மகள் வீட்டுக் கிரகப்பிரவேசம். பெரியப்பா இல்லாமலா என்று அவள் இப்போதே போனில் அழுகிறாள்.

எவ்வளவு வரும்? கால்வாசியா, பாதியா? வந்தால் முகம் தெரியுமா?

ஜூலை 18, வியாழன்

தூக்கமில்லை. எழுதித் தீர்க்கிறேன்.

சித்தப்பா இன்று கேட்டது உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அத்தன நடிப்புத் தெரிஞ்சவருக்கு ஜனங்க முன்னாடி நடிக்கத் தெரியலையே, ஏன்?" கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

யோசித்துப் பார்த்தால் சிவாஜியின் பொதுவாழ்க்கை முழுக்க இதுதான். தி.மு.க. பக்கம் இருந்தபோது திருப்பதிக்குப் போய்விட்டு வந்தார். கூட இருந்தவர்களே கேலி பேசினார்கள். போகாத மாதிரி இருந்திருக்கலாம். அவரால் முடியவில்லை. அப்புறம் காமராஜர் பின்னால் நின்றார். காமராஜர் தோற்ற காலத்திலும் நின்றார். கயத்தாறில் கட்டபொம்மனுக்குச் சொந்தப் பணத்தில் இடம் வாங்கிச் சிலை வைத்தார். அதைக் காட்டி ஓட்டு வாங்கவும் தெரியவில்லை.

1988தான் எனக்கு வலிக்கிறது. எம்.ஜி.ஆர். இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜானகி அம்மாள் அரசுக்குக் காங்கிரஸ் ஆதரவு தரவில்லை என்று அந்தக் கட்சியையே விட்டு வெளியே வந்தார். தனிக்கட்சி தொடங்கினார். 1989இல் திருவையாற்றில் நின்று தோற்றுப்போனார். திரையில் இருபத்தைந்து வருடம் போட்டி போட்டவரின் மனைவிக்காக ஒருவர் இருக்கிற இடத்தையும் விட்டாரே என்று சித்தப்பாவிடம் சொன்னேன். சித்தப்பா வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா, எங்கம்மா பக்கம்தான் நின்னாரு" என்று மெதுவாகச் சொன்னார்.

சிவாஜியிடம் தப்பே இல்லை என்று நான் எழுதவில்லை. சுற்றி ஆமாம் போடுகிறவர்களை வைத்துக்கொண்டார். ஐம்பது வயதில் மகள் வயதுப் பெண்களோடு இறுக்கமான சட்டை போட்டு ஆடிப் பாடிய படங்கள் எத்தனை! வேண்டாம் என்று சொல்ல ஒருத்தர்கூட இல்லையா? அந்தப் படங்களை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. "அதுக்கெல்லாம் நான் போனதே இல்ல" என்றார் அப்பா. "பொய்யி. மொத நாளு மொத ஆட்டம் போன" என்றார் சித்தப்பா.

ஜூலை 19, வெள்ளி

சொட்டு மருந்து விடும்போது இன்று கண்ணைப் பார்த்தேன். இவ்வளவு சிவப்பாகவா இருக்கும்?

ஜூலை 20, சனி

'முதல் மரியாதை'. இது எனக்கு எப்போதும் பிடிக்கும். விக் இல்லாமல், சத்தம் இல்லாமல், ஆற்றங்கரையில் ஒரு பெரிய மனிதர். "பாத்தீங்களா, இதுல மனுசன் நடிக்கவே இல்ல" என்றேன்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. சும்மா இருந்தாரு, சும்மா இருந்தாருன்னு. சும்மா இருக்கது லேசா? பதினாலு நாளா நான் இருக்கேன், என்னக் கேளு."

வாயடைத்துப் போனேன். எல்லாம் தெரிந்த உடம்பு ஒன்றும் செய்யாமல் இருக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கட்டபொம்மனின் புருவத்தை ஏற்றத் தெரிந்தவர்தான் இங்கே ஏற்றாமல் வைத்திருக்கிறார். தெரியாதவர் ஏற்றாமல் இருப்பதும் இதுவும் ஒன்றில்லை. இதைத்தான் வீச்சு என்று சொல்ல வேண்டும். ஒன்பது வேடத்தைவிட இதைத்தான் நான் முதலில் சொல்லுவேன்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று சிவாஜி இறந்த நாள். 2001. அப்போது அவருக்கு வயது 72.

அப்பாவுக்கும் 72. 'பராசக்தி' வந்த வருடம் பிறந்தவர். அந்த 1952 தீபாவளிக்கு மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டரைத் திறந்ததே அந்தப் படத்தைப் போட்டுத்தான். கைக்குழந்தையாக இருந்த அப்பாவைத் தாத்தா தோளில் போட்டுக்கொண்டு போனாராம். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே பேசிய இடம். இப்போது அங்கே ஜவுளிக்கடை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் அப்பா வாசல் படியிலேயே நின்றுவிடுவார், உள்ளே வர மாட்டார்.

காலையில் அத்தை, "எழுவத்திரண்டு பொல்லாத வயசு" என்று எதற்கோ சொல்லிவிட்டார். நான் முறைத்தேன். அப்பா கேட்டாரா தெரியாது. படத்துக்கு மாலை போட வேண்டும் என்றார். மீனாட்சியம்மன் கோயில் பக்கம் போய்க் கதம்பம் வாங்கி வந்தேன். படம் எங்கே என்று தடவிப் பார்த்து அவரே போட்டார். கொஞ்சம் கோணல்தான். சரிசெய்யவில்லை.

எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. போதும், இந்த எண்ணை இனி எழுத மாட்டேன்.

ஜூலை 22, திங்கள்

ஒன்றுமில்லை. புளிக்குழம்பு. அப்பா இரண்டு தரம் கேட்டுச் சாப்பிட்டார்.

ஜூலை 24, புதன்

காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டார். சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஓடினேன்.

"மேல ஒரு கோடு தெரியுதுத்தா. தண்ணி மாதிரி ஆடுது. கோட்டுக்கு மேல வெளிச்சமா இருக்கு."

வாயு கரையும்போது மேலிருந்துதான் தெளியும் என்று டாக்டர் சொன்னது இதுதானா? கோடு ஒவ்வொரு நாளும் கீழே இறங்கும் என்றார். எதிரே போய் நின்றேன். என்ன தெரிகிறது என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்தார்.

"முடி தெரியுது. நெத்தி தெரியுது." கொஞ்சம் நிறுத்தினார். "எங்க, புருவத்தத் தூக்கு பாப்போம்."

தூக்கினேன்.

சித்தப்பாவுக்குப் போன் போட வேண்டும். நாளைக் காலை எட்டு மணிக்கு டோக்கன்.