ஓவர்டைம் சம்பளமும் மனைவியின் விசாவும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் வேலை செய்துகொண்டு, தமிழ்நாட்டு மனைவிக்கு நீண்டகால சமூக வருகை பாஸ் (இங்கே தங்குவதற்கான விசா) கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இபிஎப் (ஊழியர் சேமநிதி) கணக்கறிக்கையை. ஓவர்டைம் பணத்துக்கு இபிஎப் பிடிப்பதில்லை. அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), ஓவர்டைம் 600 என்றால் சம்பளச் சீட்டில் 2,300 இருக்கும். இபிஎப்பிலோ உங்கள் பங்கு 1,700க்கான 11 விழுக்காடு, 187 வெள்ளிதான். குடிநுழைவுத் துறை அதிகாரி இரண்டையும் ஒப்பிட்டால் கேள்வி வரும். ஆகவே அடிப்படை, ஓவர்டைம், செம்பனை (எண்ணெய்ப் பனை) குலைக்கான கூலி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

கூட்டுறவுக் கடன் பிடித்தம் அதிகமென்றால், முடிந்ததை அடைத்துவிட்டு மனு செய்வதே நல்லது. கையில் மிஞ்சுவது குறைவாகத் தெரிந்தால் மனு பலவீனப்படும். கடைசி வாரம் மாமாவிடம் கைமாற்றாக வாங்கி வங்கியில் மொத்தமாகப் போடாதீர்கள், மூன்று மாத அறிக்கையில் அது பளிச்சென்று தெரியும்.