‘ஒரே ஆளா, அக்கா?’

பினாங்கில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் திருமணமாகி வடசென்னைக்குக் குடிவரும்போது, தமிழ் தெரிந்தவள்தானே, எல்லாம் தானாகப் பழகிவிடும் என்று இரு வீட்டாரும் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பேச்சும் வீட்டுச் சமையலும் உண்மையிலேயே விரைவில் பழகிவிட்டன. பழக நாள் பிடித்தது, வெளியே தனியாகச் சென்று சாப்பிடுவதுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு, பாரிமுனையில் வேலை என்பதால் மதியச் சாப்பாடும் மாலைச் சிற்றுண்டியும் எனக்குப் பெரும்பாலும் கடையில்தான். இங்கே குடிவர எண்ணும் மலேசியத் தமிழ்ப் பெண்கள் என்னிடம் வீட்டு வாடகையைப் பற்றியும் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். வெளியே தனியாகச் சாப்பிடுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பினாங்கில் சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடைகள் பல 24 மணி நேரமும் திறந்திருக்கும். தமிழகத்திலிருந்து கப்பலேறிய தமிழ் முஸ்லிம்கள், தோளில் காவடித் தடியின் இரு முனைகளிலும் சோற்றையும் கறியையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றதில் தொடங்கிய தொழில் அது. காம்பெல் தெருவில் 1907 முதல் நடந்துவரும் ஹமீதியா இன்றும் அந்தக் காலத்தின் சாட்சியாக நிற்கிறது. அங்கே வரிசையில் நின்று, வேண்டிய கறிகளைக் கைகாட்டி, சோற்றின் மேல் மூன்று நான்கு குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லி, தட்டை நாமே ஏந்திக்கொண்டு காலியான மேசையில் அமர வேண்டும். குடிப்பதற்கு என்ன வேண்டும் என்று மட்டும் மேசைக்கு வந்து கேட்பார்கள். இரவு வேலை முடிந்த தாதியர் நள்ளிரவு கடந்து தனியாக உட்கார்ந்து பரோட்டா போன்ற ரொட்டி சானாயைப் பிய்த்துத் தின்று, தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீரைக் குடித்துவிட்டுப் போவதை யாரும் தலை திருப்பிப் பார்ப்பதில்லை. நானும் கல்லூரிக் காலத்தில் தேர்வுக்கு முந்திய இரவுகளை அப்படிப்பட்ட மேசைகளில் கழித்தவள்தான்.

அந்தப் பழக்கத்தோடு வந்தவளை, வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு பிரியாணிக் கடையில், கால் வைத்தவுடனேயே, “ஃபேமிலி ரூம் மேல இருக்குதும்மா” என்று மாடிப்படியைக் காட்டி அனுப்பினார்கள். கீழே பாதி நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. மேலே, ப்ளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் நான் ஒருத்தி மட்டும் இருந்தேன். பிரியாணி வந்தது, தயிர்ப் பச்சடியும் தாளிச்சாவும் வரவில்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களுக்கு அந்தத் தடுப்பு பெரிய உதவி என்பதை நான் மறுக்கவில்லை. என் மாமியார் இன்றும் அந்த அறையைத்தான் விரும்புகிறார். நான்கு பேர் பார்க்கச் சாப்பிடுவது அவருக்கு ஒத்துவராது. பெண்ணுக்கு மரியாதை செய்வதாக நினைத்தே கடைக்காரர்களும் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் அரை மணி நேர உணவு இடைவேளையில் பசியோடு வரும் ஒருத்திக்கு, பரிமாறுபவரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் உட்காரவைப்பது மரியாதை ஆகாது. சாப்பாட்டுக் கடையில் மரியாதை என்பது சூடான சோறு, நேரத்துக்கு வரும் ரசம், கேட்டவுடன் கிடைக்கும் தண்ணீர் ஆகியவைதாம்.

எனக்கு அந்த மரியாதை முதன்முதலில் கிடைத்தது பாரிமுனையில், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள சந்து ஒன்றில் இருக்கும் சைவ மெஸ்ஸில். பகல் ஒரு மணிக்கு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் ஒவ்வொருவரின் நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்தவர் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். உட்கார்ந்திருப்பவர் மோர்ச் சோற்றுக்கு வந்துவிட்டாரா என்று பார்த்துப் பார்த்து இடம் பிடிக்கும் அந்த முறை, வெளியூரிலிருந்து வருபவர்களுக்குக் கூச்சத்தைத் தரும். கையில் டோக்கனோடு வாசலிலேயே தயங்கி நின்ற என்னைப் பார்த்து, பரிமாறும் இளைஞர், “ஒரே ஆளா, அக்கா? இப்டி வந்து குந்துங்க” என்று சொல்லி, வழக்கறிஞர்களின் குமாஸ்தாக்கள் இருவருக்கு நடுவே ஓர் இலையை விரித்தார். வலப்பக்கம் இருந்தவர் தம்முடைய தண்ணீர் டம்ளரை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்ததோடு சரி. அதன்பின் யாரும் என்னைப் பார்க்கவில்லை. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் உப்பும் ஊறுகாயும் வந்தன, அடுத்து பீன்ஸ் பொரியல், சுரைக்காய்க் கூட்டு, நொறுங்கிய ஓர் அப்பளம், பின் சோற்றைக் குவித்துவிட்டு, “சாம்பாரா, காரக்குழம்பா?” என்று கேட்டுக்கொண்டே அடுத்த இலைக்கு நகர்ந்தார் அவர். பினாங்கில் எவ்வளவோ வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் இந்த நாட்டில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று மனம் ஒப்பியது அந்த நாற்காலியில்தான்.

அதற்குப் பிறகு, எந்தக் கடையில் பெண்கள் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்பதைக் கவனிக்கத் தொடங்கினேன். முதலில் கண்ணில் பட்டது அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தைப் பாராட்டுபவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் சொல்கிறார்கள். இட்லி 1 ரூபாய்க்கும், தயிர்ச் சோறு 3 ரூபாய்க்கும், சாம்பார்ச் சோறு 5 ரூபாய்க்கும் கிடைப்பது எளிய காரியமில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினர் என்பது. உள்ளே நிற்கும் முகங்கள் பெண்முகங்களாக இருப்பதால், வீட்டு வேலைக்குப் போகிறவர்களும், மீன்கூடையோடு காசிமேட்டிலிருந்து வருபவர்களும், தூய்மைப் பணியாளர்களும் ஒரு தயக்கமும் இல்லாமல் தட்டை வாங்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அங்கே ஃபேமிலி ரூம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாலை நேரத்துக்கு என்னுடைய இடம் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் பர்மிய நூடுல்ஸ் விற்கும் அத்தோக் கடைகள். பர்மாவில் 1962இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்து, அதைத் தொடர்ந்து வணிகங்கள் அரசுடைமையானபோது, பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் இழந்ததை இழந்துவிட்டுக் கப்பலேறினார்கள். வந்தவர்களில் பலர் வியாசர்பாடி, புழல் போன்ற இடங்களில் குடியமர, பாரிமுனை நடைபாதையில் பர்மா பஜார் உருவாயிற்று. அவர்களோடு அத்தோவும் வந்தது. செய்முறையைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எனக்கு எப்போதும் அலுக்காது. ஆரஞ்சு நிறத் தடித்த நூடுல்ஸை ஒரு பாத்திரத்தில் அள்ளிப்போட்டு, மெலிதாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டும் அதன் எண்ணெயும், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த் தூள், நொறுக்கிய பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். கிண்ணம் காலியானால் கேட்காமலே மறுபடி ஊற்றுவார்கள். பினாங்கிலும் பர்மா சாலை என்றொரு சாலை உண்டு. அதன் அருகே 1803இல் நிறுவப்பட்ட பர்மியப் புத்தர் கோயிலும் உண்டு. அந்தச் சாலையில் நடந்த காலத்தில், பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்களின் தட்டு ஒன்று எனக்காகச் சென்னையில் காத்திருக்கும் என்று நான் அறிந்தவளில்லை. அத்தோக் கடையில் ஆணும் பெண்ணும் தெருவோரம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தனியாக வந்தாயா, யாரோடு வந்தாய் என்ற கேள்வி எழுவதில்லை. வேறு நாட்டிலிருந்து வந்து வேரூன்றியவர்கள் நடத்தும் கடை என்பதால்தான் அப்படியோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

டீக்கடைகள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. பொது இடத்தில் புகைபிடிப்பது 2008 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருந்தும், டீக்கடை வாசல் ஆண்களின் புகைக்கூடமாகவே இருக்கிறது. நான் டீயை பார்சல் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விடுகிறேன்.

பயணத்தில் நிலைமை வேறு. மலேசியாவில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இடைவெளி விட்டு ஓய்விடங்கள் கட்டியிருக்கிறார்கள். வரிசையாகக் கடைகள், தொழுகை அறை, கழிப்பறை என எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். இங்கே இரவுப் பேருந்து எந்த மோட்டலில் நிற்கும் என்பதை முடிவு செய்வது நாமல்ல. திருநெல்வேலிக்குப் போகும் வழியில் அப்படி ஒரு மோட்டலில், ஆறிய தோசைக்கு ஊரில் வாங்குவதைப் போல இருமடங்கு விலை வாங்கினார்கள். கழிப்பறையில் விளக்கும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. அந்தப் பேருந்தில் வந்த பெண்களில் பலர் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தார்கள். உணவின் சுவையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பேச வேண்டியது இதுதான். பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லாத கடையில் பேருந்து நிற்கக் கூடாது என்று பயணிகள் அனைவரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

ஆகவே சொந்த வண்டியில் போகும்போதெல்லாம் நாங்கள் ஆந்திராவுக்குச் செல்லும் ஜி.என்.டி. சாலையில் வடக்கே போவதையே விரும்புகிறோம். செங்குன்றம், கும்மிடிப்பூண்டி கடந்து தடாவைத் தாண்டினால் சாப்பாட்டின் முறையே மாறிவிடும்: சோற்றில் முதலில் பருப்புப் பொடியும் நெய்யும், பிறகு பப்பு என்னும் பருப்பு, புளிச்சக்கீரைத் துவையல், நெல்லூரை எட்டிவிட்டால் மாங்காய் போட்ட மீன் குழம்பு. சூளூர்ப்பேட்டையில் நாங்கள் வழக்கமாக நிற்கும் மெஸ்ஸில் கல்லாவில் உட்கார்ந்திருப்பது அந்த வீட்டு அம்மாள்தான். என் மாமியார் தடுப்பு எதுவும் கேட்காமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டது அங்கேதான்.

புதிதாக வருபவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தவை சில உண்டு. பாரிமுனை மெஸ்களுக்குப் பகல் 12 மணிக்கே போய்விடுங்கள். நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்காது. மாடியைக் கைகாட்டினால், “கீழேயே உட்காருகிறேன்” என்று சிரித்த முகத்தோடு ஒருமுறை சொன்னால் போதும், யாரும் தடுப்பதில்லை. கிழமை தவறாமல் ஒரே கடைக்குப் போங்கள். பரிமாறுபவருக்கு முகம் பழகிவிட்டால் ரசம் தானாக வரும். அத்தோவுக்கு மாலை இருட்டத் தொடங்கும்போது போங்கள். காரம் குறைவாக வேண்டுமென்றால் மிளகாய்த் தூள் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.