தேரிக்காட்டில் ஒரு சித்திரைப் பகல்

திருச்செந்தூரில் தரிசனம் முடித்த கையோடு குதிரைமொழித் தேரிக்கு, அதாவது அங்குள்ள செம்மணல் மேட்டுக்கு, ஆட்டோ பிடித்தோம். 'தமிழ்நாட்டின் சிவப்புப் பாலைவனம்' என்று யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துக் கிளம்பிய பயணம். இறங்கினால், வத்தல் பொடியைக் கொட்டிப் பரப்பியதுபோல் சிவந்த மணல். மணற்பருக்கைகளில் இரும்புத் துரு படிந்து ஏறிய நிறம் அது. அள்ளி உதறிய பிறகும் உள்ளங்கை ரேகைகளில் செம்மை ஒட்டிக்கொண்டு நின்றது.

பதநீர்க் கலயத்தோடு பனையிலிருந்து இறங்கிய பெரியவரிடம், "ஐயா, இந்தப் பாலைவனம் எதுவரைக்கும் போகுது?" என்று கேட்டேன்.

"பாலைவனமா? இது தேரியில்லா! பாலைவனம்னா ஒண்ணும் முளைக்காதுல்லா? இங்க பனை நிக்கு, கொல்லாமரம் நிக்கு, உடைமரம் நிக்கு." சொல்லிக்கொண்டே ஓலையைப் பட்டையாக மடித்து என் கையில் தந்து, வழிய வழிய ஊற்றினார். சுண்ணாம்பு வாசத்தோடு அப்படி ஓர் இனிப்பு.

அவர் சொன்னதே சரி. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெய்கிறது. அந்தக் கணக்கில் உலகிலேயே பெரிய பாலைவனம், பனி மூடிக் கிடக்கும் அண்டார்டிகா.

நம் பழைய பாலைக்கும் மணல் வேண்டியதில்லை. வேனில் வெயிலில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். காடும் மலையும் கோடையில் கொள்ளும் கோலம் அது. மழை விழுந்தால் மறுபடி முல்லைதான். பிரிவுக்கு உரிய திணையாக அதை வைத்தார்களே, போனவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கையும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

"எங்க வேதத்துல வனாந்தரம்னுதான் வரும்," என்றாள் கூட வந்த தோழி. யோவான் ஸ்நானன் பிரசங்கித்த யூதேயாவின் வனாந்தரம். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு வறட்சி நினைவுக்கு வருவதில்லை, ஆளரவமற்ற தனிமைதான் வருகிறது.

மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். பெய்யும் மழையையெல்லாம் குடித்துவிடும் இந்தச் செம்மணலுக்கு நடுவே ஒரு சுனை! இரு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். கழுத்து வழியே இறங்கிய தண்ணீர் என் வெள்ளைச் சட்டையில் சிவப்புச் சிவப்பாகத் திட்டுப் போட்டது.