கையில் இருக்கும் வேலையை எப்போது விடுவது?

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை நெருங்கிய யுனைடெட் 173 விமானத்தில் சக்கரங்களை இறக்கியபோது பலத்த சத்தமும் அதிர்வும் வந்தன. சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்பது தெரியவில்லை. நகரத்துக்கு அருகிலேயே வட்டமடித்தபடி கோளாறை ஆராய்ந்தார்கள். அவசர இறக்கத்துக்குப் பயணிகளைத் தயார்படுத்தினார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனது. எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் நின்றன, விமானம் புறநகரில் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதை விமானி அறையில் இருந்தவர்கள் பேசாமல் இல்லை. தலைமை விமானி அனுபவமற்றவரும் இல்லை.

கவனக்குறைவு என்று ஒரு வார்த்தையில் இதை முடித்துவிடலாம். ஆனால் அங்கே கவனம் குறையவில்லை. ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. ஒரு குறிக்கோளை மனம் பிடித்து வைத்திருக்க வேண்டுமானால், அதற்குத் தொடர்பில்லாத தகவல்களுக்கு எடை குறைக்க வேண்டும். எது தொடர்பில்லாதது என்று முடிவுசெய்வதும் அதே குறிக்கோள்தான். அதனால் “போதும், விட்டுவிடு” என்று சொல்ல வேண்டிய செய்தியும் அந்த வடிகட்டியிலேயே சிக்கிக்கொள்கிறது. தாமஸ் கோஷ்கே போன்ற உளவியல் ஆய்வாளர்கள் காப்பதற்கும் மாறுவதற்கும் இடையிலான இக்கட்டு என்று பேசுவது இதைத்தான். வேலை செய்கிறவர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் மிகவும் நடைமுறையானது: எப்போது விடுவது என்ற முடிவை, வேலையின் நடுவில் இருக்கும் மனத்திடம் ஒப்படைக்கக் கூடாது.

ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட தண்ணீர்ச் சாடிக் கணக்குகளை இந்தத் துறையில் அறியாதவர் குறைவு. 21, 127, 3 அளவுள்ள மூன்று சாடிகளை வைத்து 100 அளவு நீர் எடுக்க வேண்டும். 127ஐ நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒரு முறையும் 3ஐ இரு முறையும் ஊற்றினால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகள் வரிசையாகத் தரப்பட்டன. பிறகு 23, 49, 3 அளவுச் சாடிகளில் 20 கேட்டார்கள். பழைய வழியும் பலிக்கும்: 49−23−3−3. ஆனால் 23−3 போதுமே! பழகியவர்களில் பெரும்பாலோர் சுற்றுவழியிலேயே போனார்கள். அடுத்து 28, 76, 3 சாடிகளில் 25 கேட்டபோது பழைய வழி 42ஐத் தந்து ஏமாற்றியது. 28−3 என்பது பலரின் கண்ணுக்குப் படவே இல்லை. முன்பயிற்சி இல்லாமல் வந்தவர்களுக்கு இந்தச் சிக்கலே எழவில்லை. சிலரிடம் இடையில் “குருடராக இருக்காதீர்கள்” என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் லூச்சின்ஸ். அது உதவியது, ஆனால் பழக்கத்தை முற்றிலும் அகற்றவில்லை.

25 கேட்ட கணக்கைவிட 20 கேட்ட கணக்குதான் அலுவலகங்களில் அதிகம் நடப்பது. வழி தவறினால் மூளையில் மணி அடிக்கும்: நெற்றிப்பகுதியின் உள்மடிப்பில் இருக்கும் முன்புற சிங்குலேட் புறணி, பிழையும் முரணும் எழும்போது கூடுதலாக இயங்குவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சுற்றுவழி மெதுவாகவாவது பலித்துக்கொண்டிருந்தால் அந்த மணி அடிப்பதில்லை. வாரந்தோறும் கையால் ஒட்டிச் சேர்க்கும் அறிக்கை பிழையில்லாமல் வந்துகொண்டிருக்கும்வரை, அதைச் செய்யும் முறையை யாரும் கேள்வி கேட்பதில்லை. தோல்வி வந்தால் மாறிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள், தோற்காத மோசமான வழியில் ஆண்டுக்கணக்கில் நடப்பார்கள்.

ஆகவே நீண்ட வேலையைத் தொடங்கும் முன், மனம் இன்னும் எதையும் பிடித்துக்கொள்ளாத நேரத்தில், நிறுத்தும் நிபந்தனையை எழுதி வைப்பது நல்லது. ஒரு மென்பொருள் மெதுவாக இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். “செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான நெட்வொர்க்தான் காரணம்” என்பது ஊகம். அதை எது பொய்யாக்கும்? அதே வினவலைத் தரவுத்தளக் கணினியிலேயே நேரடியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கும் அதே நேரம் எடுத்தால் ஊகம் செத்தது. இந்த ஒரு வரியைத் தொடங்கும் முன்பே எழுதியிருந்தால், சோதனை முடிந்ததும் வாதாட இடமிருக்காது. எழுதாமல் விட்டால், வந்த முடிவை ஊகத்துக்கு ஏற்றபடி வளைத்துப் பேச மனத்துக்கு ஆயிரம் வழி உண்டு. இரண்டாவதாக எழுத வேண்டியது தீர்ந்துபோகக்கூடிய பொருளின் அளவு. எரிபொருளோ, பணமோ, வாடிக்கையாளருக்குச் சொன்ன நேரமோ, எது எந்த அளவுக்கு இறங்கினால் கையை எடுப்பது? மூன்றாவது, அதை யார் அறிவிப்பது. அறிவிப்பவர் அந்த வேலையைச் செய்பவராக இருக்கக் கூடாது. அவரிடம் “கொஞ்சம் குறைவாக இருப்பதுபோல் தெரிகிறது” என்ற இழுவை வேண்டாம்; முன்பே பேசிய எண்ணையும் “நிறுத்துகிறோம்” என்ற சொல்லையும் அப்படியே சொல்ல வேண்டும். யுனைடெட் 173க்குப் பிறகு அந்த நிறுவனம் தொடங்கி மற்ற விமான நிறுவனங்களுக்கும் பரவிய குழு வள மேலாண்மைப் பயிற்சியின் உயிர்நாடியே, இளையவர் தெளிவாகச் சொல்வதும் மூத்தவர் அதைக் காதில் வாங்குவதும்தான்.

நேரத்தை மட்டும் நிபந்தனையாக வைத்தால் பெரும்பாலும் பலிப்பதில்லை. “ஒரு மணி நேரம் பார்க்கிறேன்” என்று உட்கார்ந்தவருக்கு 55ஆவது நிமிடத்தில் விடை விரல்நுனியில் இருப்பதாகவே தோன்றும். நீட்டிக்கத் தடையில்லை, ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் அவ்வளவுதான்: கடந்த ஒரு மணி நேரத்தில் முன்பு தெரியாத எது தெரிந்தது? பதில் வெற்றாக இருந்தால் நீட்டிப்பும் இல்லை. மாலை நேரத்தில் இந்த விதியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். களைத்தால் மனம் அலைபாயும் என்று நினைக்கிறோம். வான் டெர் லிண்டனும் அவருடைய சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மனக்களைப்பு அடைந்தவர்கள் விஸ்கான்சின் அட்டை வகைப்படுத்தல் சோதனையில் பழைய விதியையே பிடித்துத் தொங்கும் பிழையை அதிகம் செய்தார்கள். அந்தச் சோதனையில் நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றில் எதை வைத்து அட்டைகளைப் பிரிப்பது என்ற விதி சொல்லாமல் கொள்ளாமல் மாறும். “சரி”, “தவறு” என்ற பதிலை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு “இன்னும் ஒரே ஒரு முயற்சி” என்று சொல்வது பெரும்பாலும் உறுதியின் அடையாளமில்லை, களைப்பின் அறிகுறி.

இதுவரை சொன்னது விடாப்பிடி மிஞ்சிப்போகும் பக்கம். மறுபக்கம், அதாவது வேலைவிட்டு வேலை அடிக்கடி தாவுவது, எல்லோரும் பேசித் தேய்ந்தது என்பதால், சரியாகச் சொல்லப்படாதவற்றை மட்டும் சொல்லலாம். வேலை மாறும்போது ஏற்படும் தாமதத்தை ராஜர்ஸும் மான்செலும் 1995இல் நுணுக்கமாக அளந்தார்கள். அடுத்து எந்த வேலை என்று முன்பே தெரிந்து, தயாராக அரை நொடிக்கு மேல் கிடைத்தால் தாமதம் குறையும். அதற்கு மேல் எவ்வளவு அவகாசம் கொடுத்தாலும் ஒரு மிச்சம் நின்றுவிடும். புதிய வேலையை ஒருமுறை செய்த பிறகே அது தீரும். வேலை மாறாத சுற்றுகளில்கூட, இரண்டு வேலைகள் கலந்து வரும் தொகுதியில் வேகம் குறைவு. இரண்டையும் திறந்து வைத்திருப்பதற்கே ஒரு விலை உண்டு என்று பொருள். ஆல்போர்ட்டும் சகாக்களும் 1994இல் காட்டியது இன்னும் விசித்திரமானது: கடினமான வேலையிலிருந்து பழகிய எளிய வேலைக்குத் திரும்புவதுதான் அதிகச் செலவு பிடித்தது. கடினமானதைச் செய்ய எளியதை அழுத்தி வைக்க வேண்டியிருந்தது. அந்த அழுத்தம் உடனே விலகுவதில்லை. கூர்ந்த ஆய்வுப் பணியிலிருந்து எழுந்து ஒரு சாதாரண மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும்போது வாக்கியம் வராமல் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இவையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் மில்லிநொடிகளில் அளந்தவை என்பதை மறக்கக் கூடாது. இவற்றைப் பெருக்கி “நாளுக்கு இத்தனை மணி நேரம் வீண்” என்று சுவரொட்டி அடிப்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

குறுக்கீட்டின் நிஜமான ஆபத்து நேரத்தில் இல்லை, வரிசை குலைவதில் இருக்கிறது. ஆல்ட்மன், டிராஃப்டன், ஹாம்ப்ரிக் ஆகியோர் 2014இல் வெளியிட்ட சோதனையில், சராசரி 2.8 நொடிக் குறுக்கீடே படிவரிசைப் பிழைகளை இரு மடங்காக்கியது, 4.4 நொடியில் மூன்று மடங்கு. பிழை என்றால் ஒரு படியைத் தாண்டுவது அல்லது செய்ததையே மீண்டும் செய்வது. மருந்து அளப்பவருக்கும் பணம் மாற்றுபவருக்கும் இது போதுமான எச்சரிக்கை. விமானத்துறை 1981இலேயே இதற்கு விதி வகுத்துவிட்டது: 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, மட்டப் பயணம் தவிர, பறப்பதற்குத் தேவையற்ற பேச்சும் வேலையும் விமானி அறையில் கூடாது. அலுவலகத்தில் இதன் எளிய வடிவம், எழுவதற்கு முன் அடுத்து செய்ய வேண்டிய படியை எழுதிவைப்பது. “அறிக்கை பாதி” என்று எழுதினால் பயனில்லை. “நான்காம் அட்டவணையின் கூட்டுத்தொகையை மூலக் கோப்புடன் ஒப்பிட வேண்டும், மூன்று வரை சரிபார்த்தாயிற்று” என்று இருக்க வேண்டும். அழைத்தவரைச் சில நொடிகள் காக்கவைத்து எழுதினாலும் தவறில்லை.

விடாப்பிடியும் நெகிழ்வும் ஒரே தராசின் இரு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்ற படம் நெடுங்காலமாக இருக்கிறது. அதற்கு ஆதாரமும் உண்டு. நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள், மூளையின் முன்நெற்றிப் புறணியில் பிடிப்பை நிலைப்படுத்துகிறது, மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டத்தில் மாற்றத்துக்கு வழிவிடுகிறது. இரண்டிலும் அளவு மிஞ்சினாலும் குறைந்தாலும் கெடும். டிரைஸ்பாக்கும் கோஷ்கேயும் 2004இல், லேசான மகிழ்ச்சி பழைய விதியிலிருந்து விடுபட உதவுகிறது, கூடவே கவனச்சிதறலையும் கூட்டுகிறது என்று காட்டினார்கள். ஆனால் கெடர்ட்டும் எக்னரும் 2022இல் வெளியிட்ட சோதனைகளில், வேலை மாறும் விகிதத்தையும் தவறான விடையை நோக்கி இழுத்துக் குழப்பும் குறிகள் வரும் விகிதத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைத்தபோது, மனம் இரண்டுக்கும் தனித்தனியே பழகிக்கொண்டது. அடிக்கடி மாறும் தொகுதியில் மாறுதல் எளிதானது. அதற்காகக் குழப்பத்துக்கு எதிரான காப்பு தளரவில்லை. தராசைவிட இதுதான் வேலைத்தளத்துக்குப் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல அவசரச் சிகிச்சைச் செவிலியர் நிமிடத்துக்கு ஒரு நோயாளியிடம் மாறுவார். மாறிய பின் பக்கத்துப் படுக்கையின் கூச்சல் அவர் கையைத் தொடாது.

மனம் சூழலின் விகிதத்துக்குப் பழகுகிறது என்றால், விகிதத்தை அமைப்பவர்களுக்குப் பொறுப்பு இருக்கிறது. காலையில் உதவி அழைப்புகள், இடையிடையே வடிவமைப்பு என்று ஒருவருக்கே இரண்டையும் கலந்து தருவதைவிட, அழைப்பு எடுக்கும் நாளில் அவரிடம் நீண்ட வேலையே தராமல் இருப்பது மேல். ஊக்கத்தொகையிலும் இதே நுணுக்கம் உண்டு. ஃப்ரோபரும் டிரைஸ்பாக்கும் 2016இல் கண்டபடி, உயர்ந்த வெகுமதி அப்படியே தொடரும்போது ஆட்கள் செய்ததையே தொடர்கிறார்கள். வெகுமதி கூடும் தருணத்தில் தாமாக மாறிப் பார்க்கிறார்கள். புதிய முறையைத் தேடச் சொல்லிவிட்டு, பழைய முறையின் எண்ணிக்கைக்கே மாதாமாதம் ஒரே தொகையைக் கொடுத்துக்கொண்டிருந்தால், யாரும் தேடப் போவதில்லை.